பாறையேரிக்கு ஒரு பேனர்

திண்டிவனம் நடைப்பயிற்சி நண்பர்கள் சங்கத்தில் நடப்பது மட்டும்தான் குறைவு. மொத்தம் பதினோரு உறுப்பினர்கள். விடியற்காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வந்து மூன்று சுற்று சுற்றுவார்கள். நான்காவது சுற்றில் கால்கள் தாமாகவே டீக்கடைப் பக்கம் திரும்பிவிடும். அந்த மூன்று சுற்றுக்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு ஆலோசகர், முதுகில் சங்கத்தின் பேர் போட்ட பச்சைப் பனியன். சேர்ந்த நாளிலிருந்து ஒருவருக்கும் தொப்பை குறைந்ததாகத் தகவல் இல்லை. இருவருக்குக் கூடியிருக்கிறது.

இந்த டீக்கடை பெஞ்சில் நேமிகுமாருக்குத் தனி மரியாதை உண்டு. செஞ்சி ரோட்டில் மோட்டார் பம்ப் கடை வைத்திருப்பவர், வயது ஐம்பத்தாறு, ஜைனர். பேருக்குப் பின்னால் நயினார் என்று வரும் என்பதால் எல்லோரும் அவரை 'நயினாரே' என்றுதான் கூப்பிடுவார்கள். பொழுது சாய்ந்தபிறகு ஒரு பருக்கை வாயில் போடமாட்டார். தண்ணீரை வடிகட்டாமல் குடிக்கமாட்டார். வடை வந்தால் பிய்த்துப் பார்த்து, வெங்காயம் தென்பட்டால் அப்படியே தட்டில் வைத்துவிடுவார். வாய்க்குள் போகிறதில் இவ்வளவு கறாராக இருக்கிற மனுஷன், வாயிலிருந்து வருகிறதில் மட்டும் ஏமாற்றுவாரா என்பது சங்கத்தின் கணக்கு. எதில் வாக்குவாதம் வந்தாலும் "நயினாரு சொல்லட்டும்பா" என்று முடித்துக்கொள்வார்கள். அந்தப் பேரைத்தான் அவர் பதினோரு வருஷமாக உடம்பு நோகாமல் அனுபவித்து வந்தார்.

அவர் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அதைப் பதினோரு வருஷமாகச் சொன்னார்.

செஞ்சிக்கு அந்தப் பக்கம் கல்மேடு என்று ஓர் ஊர். ஊரை ஒட்டி, யாரோ லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனதுபோல உருண்டைப் பாறைகளாலேயே ஆன மலை. அதன் உச்சியில் பாறைகளுக்கு நடுவே, கோடையிலும் வற்றாத பாறையேரி. நேமிகுமார் பன்னிரண்டு வயதில் யாரிடமும் சொல்லாமல் தனியாக அங்கே ஏறினாராம். யானைப்பாறையில் வழுக்கி முட்டி கிழிந்ததாம். ரத்தம் ஒழுக ஒழுக மேலே போய்த் தண்ணீரில் காலை விட்டதும், மீன்குஞ்சுகள் கூட்டமாக வந்து காயத்தைக் கொத்தினவாம். அண்ணாந்தாலும் வானம், குனிந்தாலும் வானம், நடுவில் தான் ஒருத்தர்தானாம். இந்த இடம் வந்ததும் பேன்டைச் சுருட்டி முட்டியிலிருக்கும் தழும்பைக் காட்டுவார். அது மொபெட்டின் ஸ்டாண்டு கிழித்தது.

ஏறியது அவர் அல்ல, அவர் மனைவி குணமதி. கல்மேடு அவள் பிறந்த ஊர். கல்யாணமான முதல் மாதத்தில், இருவருக்கும் பேச ஒன்றும் கிடைக்காத ஒரு சாயங்காலம், கூச்சத்தை விட்டு முதன்முதலாக அவள் தன்னைப் பற்றிச் சொன்ன விஷயம் அது. நேமிகுமார் அந்த மலையை மாமனார் வீட்டில் விருந்து முடிந்து படுத்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். அவருக்கும் அதற்கும் அவ்வளவுதான் பழக்கம். டீக்கடையில் ஒருநாள் தலைவர் தன் கொடைக்கானல் பெருமையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, இவர் வாய் சும்மா இருக்காமல் "நானும் சின்ன வயசுல" என்று ஆரம்பித்துவிட்டது. முடித்தபோது பெஞ்சில் ஒருத்தரும் டீயைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ருசி அவரை விடவில்லை. அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒருதரமாவது பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஏரிக்குப் போய்வந்தார்.

இந்தத் தை மாதம் தலைவர் செல்வகுமாருக்கு ரோஷம் வந்துவிட்டது. கோலியனூர்ப் பக்கம் மனை போட்டு விற்கிறவர் அவர். விழுப்புரத்து நடைச் சங்கம் ஏதோ மலைக்குப் போய் வரிசையாக நின்று எடுத்த படம் அவர் போனுக்கு வந்து சேர்ந்தது. மூன்று நாள் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"விழுப்புரத்துக்காரனுங்க மலை ஏறிட்டானுங்கபா. நாம இங்க போண்டா தின்னுக்கினு உக்காந்திருக்கோம். அவனுங்ககிட்ட இல்லாதது நம்மகிட்ட இருக்குது. நயினாரு இருக்காரு, ஏரி இருக்குது. ஒரே நாள். காலைல ஏறி சாயங்காலம் எறங்கறோம். சும்மா பிக்னிக்கு இல்ல, செம சேலஞ்சா இருக்கணும்!"

எல்லோரும் கை தட்டினார்கள். நேமிகுமாரும் தட்டினார். தட்டாமல் இருந்தால் கவனிப்பார்களே.

திட்டம் தீட்ட மூன்று கூட்டம் நடந்தது. ஆலோசகர் தமிழ்மணி தாலுகா ஆபீசில் முப்பத்துநான்கு வருஷம் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவர். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து 'பொருள்: பாறையேரிக்கு ஒருநாள் மலையேற்றம் – திட்டம் வகுத்தல் – தொடர்பாக' என்று எழுதி அடிக்கோடு போட்டார். முதல் கூட்டம் பனியன் பச்சையா ஆரஞ்சா என்பதில் முடிந்தது. இரண்டாவதில் ஊன்றுகோல், தொப்பி, கூலிங்கிளாஸ், உச்சியில் யார் எந்த வரிசையில் நிற்பது ஆகியவை தீர்ந்தன. மலை எவ்வளவு உயரம், தண்ணீர் எவ்வளவு எடுத்துப்போவது, யாருக்கு மூச்சிரைக்கும் என்பதெல்லாம் பேச்சில் வரவே இல்லை. யாருக்கு இரைக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் எடுக்கவில்லை என்றும் சொல்லலாம்.

மூன்றாவது கூட்டம் நேர அட்டவணை. அதை முழுக்க முழுக்க நேமிகுமாரின் வயிற்றைச் சுற்றியே போட்டார்கள்.

"நாலரைக்கு வண்டி கெளம்புது," என்றார் செல்வகுமார். "ஆறுக்கு அடிவாரம், பத்துக்கு ஏரி, ரெண்டரைக்கு கீழ. நயினாரு பொழுதோட சாப்டணும். அதனால நாலு மணிக்கெல்லாம் எலை போட்டாவணும். அப்பறம் இன்னொண்ணு. அன்னிக்கு வெங்காயம், பூண்டு, கெழங்கு எதுவும் கெடையாது. கறி பேச்சே எடுக்கக் கூடாது. ஒரு மனுஷனுக்காக ஒருநாள் வாயக் கட்டுங்கபா."

பத்துப் பேரும் அவருக்காக வாயைக் கட்டச் சம்மதித்தபோது நேமிகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நல்லவர்களிடமா பொய் சொன்னோம் என்று இருந்தது. உண்மையைச் சொல்லிவிட அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. வாயைத் திறந்தார். அதற்குள் தமிழ்மணி தாளைத் திருப்பி, "இணைப்பு ஒண்ணு, வழி வரைபடம். இத நயினாருதான் குடுக்கணும். அவர விட்டா யாருக்குத் தெரியும்?" என்றார். திறந்த வாயில் ஒரு வாய் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நேமிகுமார் தலையாட்டினார்.

வீட்டில் குணமதி முறத்தில் மல்லாட்டையை உடைத்துக் கடலையைத் தனியாக எடுத்துக்கொண்டிருந்தாள். நேமிகுமார் எதிரில் உட்கார்ந்து, கடையில் சரக்குக் கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டார்.

"குணா, உங்க ஊரு மலைக்கு எந்தப் பக்கமா ஏறுவீங்க?"

அவள் கை நின்றுவிட்டது. கல்யாணமாகி முப்பது வருஷம். ஜன்னல் வழியாகப் பார்த்த அந்த மலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணின் முகம் அப்படி மலர்ந்ததை அவர் பார்த்திருந்தாலாவது பரவாயில்லை. அவர் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எங்க வூட்டுப் பின்னால கேப்பைக் கொல்லை இருக்குது பாருங்க, அதத் தாண்டனா புளியமரம்," என்று மல்லாட்டைத் தோலை முறத்தில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனாள். "இது புளியமரம். இங்க ரெண்டு பாதை பிரியும். எடது பக்கம் நல்லா பளிச்சின்னு இருக்கும், அதுல போகக் கூடாது. அது ஆடு மேயற பாதை, போயி பாறையில முட்டிக்கினு நின்னுடும். சோத்துக் கை பக்கம் பொந்தாட்டம் ஒண்ணு தெரியும். குனிஞ்சி பூந்துக்கினு வெளிய வந்தா யானைப்பாறை. அங்க செருப்பக் கழட்டிடணும். என்னாட்டம் வழுக்கிட்டு முட்டிய ஒடச்சிக்கக் கூடாது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். கேட்டதற்கு மேலேயும் சொன்னாள். தேன்கூடு இருக்கும் பாறை, மழைக்கு ஒதுங்கும் குகை, ஏரியில் தண்ணீர் தொட்டதும் உச்சந்தலை வரைக்கும் ஏறும் சிலிர்ப்பு. நேமிகுமார் கல்யாணப் பத்திரிகை ஒன்றின் முதுகில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"எதுக்குங்க எழுதறீங்க?"

"சங்கத்துல எல்லாரும் போறோம். வர்ற ஞாயித்துக்கெழம."

"என்னையும் கூட்டிக்கினு போங்களேன்! பாஞ்சாலிகிட்ட சொன்னா அவளும் வந்துடுவா. அவ இன்னமும் அந்த மலையிலதான் ஆடு ஓட்டிக்கினு இருக்கா." பாஞ்சாலி அவளோடு பள்ளிக்கூடம் போன சிநேகிதி.

"லேடீஸ் இல்ல குணா. ஜென்ட்ஸ் மட்டும்னு முடிவு பண்ணிட்டாங்க." அப்படி யாரும் முடிவு பண்ணவில்லை. பெண்கள் என்று ஒரு வகை உண்டு என்பதே மூன்று கூட்டத்திலும் யாருக்கும் தோன்றவில்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்து, "உனக்கு முட்டி வேற வலிக்குது," என்று சேர்த்துக்கொண்டார்.

"எனக்கு எப்ப வலிச்சுது? உங்களுக்குத்தான வலிக்குது," என்றாள் குணமதி. புளியமரத்தையும் யானைப்பாறையையும் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வரைபடம் சங்கத்தில் பெரிய வெற்றி. நாற்பத்துநான்கு வருஷம் ஆகியும் இடதுபக்கப் பாதை முட்டிக்கொண்டு நிற்பதுவரை ஞாபகம் வைத்திருக்கிற மூளையை நினைத்து தமிழ்மணி இரண்டுதரம் தலையில் கை வைத்துக்கொண்டார். செயலாளர் ஆரோக்கியராஜ் உடனே அதை போனில் படம் எடுத்துக்கொண்டார். அவர் ஃபிளெக்ஸ் கடை வைத்திருப்பவர். ஒரு காரியம் நடக்கிறது என்றால் முதலில் அதற்கு பேனர் எவ்வளவு அடி என்பதுதான் அவருக்குத் தோன்றும்.

பேனர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சங்கம் மலையிறங்கி வருகிற நேரத்துக்கு, மேம்பாலத்துக்குக் கீழே ஏற வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அந்த ஞாயிறு தை மாதத்து முகூர்த்த நாள். பேனர் கட்டுகிற ஆட்களுக்கு சனிக்கிழமை மத்தியானத்திலிருந்தே நான்கு கல்யாண மண்டபம். 'ஒரு நாள் முன்னால கட்டனா இன்னா, துணி கெட்டா போவுது' என்று சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே கட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

பன்னிரண்டு அடி அகலம். 'பாறையேரியின் உச்சியைத் தொட்டுத் திரும்பிய திண்டிவனத்துச் சிங்கங்களே, வருக!' என்று மேலே ஒரு வரி. நடுவில் கூலிங்கிளாஸ் போட்ட செல்வகுமார், அவர் முதுகுக்குப் பின்னால் பனிமலை. செஞ்சிப் பக்கம் பனி பெய்யாதே என்று ஆரோக்கியராஜின் கடையில் யாரும் யோசிக்கவில்லை. சுற்றிலும் மற்றவர்களின் தலைகள். வலது ஓரத்தில் கைகூப்பிய நேமிகுமார். அவருக்குக் கீழே, 'பன்னிரண்டு வயதில் தனியொருவராய் ஏரி கண்ட வழிகாட்டி, சொல் தவறாத நயினார்.'

பத்து மணிக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் நேமிகுமாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பதினொன்றரைக்கு ஒரு கட்சிப் பிரமுகர் செல்வகுமாரின் ஆபீசுக்கே வந்து சால்வை போர்த்திவிட்டார். தலைவர் குனிந்து வாங்கிக்கொண்டார், படமும் எடுத்துக்கொண்டார். மூன்று மணிக்கு டீக்கடையில் அவசரக் கூட்டம்.

"சால்வையக் கையில வெச்சிக்கினு நிக்கறாரு. இன்னும் போவலங்கன்னு எப்டி சொல்றது?" என்றார் செல்வகுமார்.

"பேனர அவுத்துடலாமா?" என்றார் ஆரோக்கியராஜ்.

"அவுத்தா, ஏறல போலன்னு ஆயிடும்."

"அப்ப நாளைக்கு நெசமாவே போய்ட்டு வந்துடலாமே," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். அந்த ஆளைப் பத்துப் பேரும் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் டீ கிளாசுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

தமிழ்மணி தொண்டையைச் செருமினார். "நாளைக்கு நாம மலைக்குப் போறத எவனாவது பாத்தான்னா, இன்னிக்கு பேனரு பொய்யின்னு தெரிஞ்சிடும். சங்கத்துக்குக் கெட்ட பேரு. ரெக்கார்டு பிரகாரம் போய் வந்தாச்சு. போய் வந்தவங்க மறுபடியும் போகணும்னு எந்த விதியிலயும் இல்ல."

பெஞ்சு முழுக்க ஒரே நேரத்தில் மூச்சு விட்டது. அட, எல்லோரும் இத்தனை நாளாக உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள்! ஆனால் அவரவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றுதான் சொல்லியிருந்தார்கள், அன்றைக்கு வீட்டில் இருந்தால் போகவில்லை என்று தெரிந்துவிடும், மலைக்குப் போகவும் முடியாது. அதனால் கண்டாச்சிபுரம் பக்கம் செல்வகுமாரின் மச்சான் நிலத்தில் போய்ப் பம்புசெட்டில் குளித்துவிட்டு இருட்டுகிறதற்குள் திரும்புவது என்று முடிவானது. அங்கே எந்தத் திண்டிவனத்துக்காரனும் கண்ணில் படமாட்டான். நேமிகுமார் மனசுக்குள் பேனர் கட்டிய ஆட்களுக்கு ஒரு கும்பிடு போட்டார். பதினோரு வருஷத்துப் பொய் பிழைத்துவிட்டது.

அன்றைக்கு ஐந்தரைக்கு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். சென்னையில் வேலை பார்க்கும் மகள் அனுஷா லீவுக்கு வந்திருந்தாள். அம்மாவும் பெண்ணும் மத்தியானம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் காய் வாங்கப் போயிருந்தது நேமிகுமாருக்குத் தெரியாது.

குணமதி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "நாளைக்கு நெசமா போறீங்களா?" என்று கேட்டாள்.

டீக்கடையில் என்ன அளந்தாலும், அந்த 'ஜென்ட்ஸ் மட்டும்' விவகாரத்தைத் தவிர அவள் முகத்துக்கு நேராக அவர் பொய் சொன்னதில்லை. அதற்கு அவசியமும் வந்ததில்லை. இலையைப் பார்த்துக்கொண்டு, "போறேன்," என்றார்.

"ஏரிக்குத்தான?"

"ஏரிக்குத்தான்."

"யானைப்பாறையில செருப்பக் கழட்டிடுங்க," என்றாள். அனுஷா எதையோ சொல்ல வந்தாள். அம்மா அவள் இலையில் ஒரு கரண்டி சோற்றை வைத்து அவளை அடக்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பம்புசெட்டில் தண்ணீர் நன்றாக இருந்தது. சிங்கங்கள் ஒன்பது மணியிலிருந்து தொட்டிக்குள் ஊறின. ஒரு மணிக்கு மச்சான் வீட்டிலிருந்து இரண்டு அண்டா வந்து இறங்கியது. மூடியைத் திறந்ததும் வாசனையே சொல்லிவிட்டது, மட்டன் பிரியாணி. வெங்காயப் பச்சடி ஒரு வாளி. பத்துப் பேரும் இலை போட்டு உட்கார்ந்தபிறகுதான் செல்வகுமாருக்கு நினைவு வந்தது.

"ஐயோ நயினாரே, உங்களச் சுத்தமா மறந்துட்டமே! மலையே கேன்சலுன்னதும் அட்டவணையும் போயிடுச்சு. யப்பா, நயினாருக்கு வாழப்பழம் குடுங்கபா."

மூன்று பழம் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு, பிரியாணி வாசனை வராத தென்னைமரமாகப் பார்த்து நேமிகுமார் உட்கார்ந்தார். யாருடைய வயிற்றுக்காக மூன்று கூட்டம் போட்டார்களோ, அந்த வயிறு காய்ந்தது. வெளியில் சொல்ல முடியாத கோபம் அவருக்கு.

மூன்று மணிக்கு போன் சிணுங்கியது. அனுஷா ஒரு படம் அனுப்பியிருந்தாள்.

உருண்டைப் பாறைகளுக்கு நடுவே தண்ணீர். கரையில் குணமதி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மேலேயும் வானம், கீழேயும் வானம். பதினோரு வருஷமாகத் தன் வாயால் சொன்ன இடத்தை நேமிகுமார் அன்றைக்குத்தான் முதல்தடவையாகப் பார்த்தார். படத்துக்கு அடியில் 'அம்மாவோட ஏரி' என்று மகள் எழுதியிருந்தாள். அவர் படத்தைப் பெரிதாக்கி அவள் முகத்தைப் பார்த்தார்.

"அட, இதான் ஏரியா!" தலைக்கு மேலே செல்வகுமாரின் குரல் கேட்டது. எலும்பைக் கடித்தபடி பின்னால் வந்து நின்றிருந்தார். "உங்க வூட்டம்மாவா அது? பலே ஆளுங்க! கரெக்டான டைமுக்கு வந்துச்சு பாரு. ஆரோக்கியம், ஜல்தி வா. இந்தப் படத்த வாங்கிக்க. அவங்கள எடுத்துட்டு நம்ம பதினோரு பேரையும் நிக்க வை."

ஆரோக்கியராஜ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வேணாம் தலைவரே," என்றார் நேமிகுமார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. எழுந்து நின்றார். "அது அவளோட ஏரி. நான் அந்த மலையில ஒரு நாளும் கால வெச்சதில்ல. பன்னெண்டு வயசுல ஏறனது குணமதி. முட்டி கிழிஞ்சது அவளுக்கு. வழி சொன்னதும் அவதான். நான் உங்ககிட்ட சொன்னது அத்தனையும் பொய்யி."

செல்வகுமார் எண்ணெய்க் கையோடேயே அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களாபா! வூட்டம்மா ஒரு தபா ஏறிட்டாங்கன்னதும், தம் பெருமைய அப்டியே தூக்கி அவங்களுக்குக் குடுக்கறாரு. எவனுக்கு வரும் இந்த மனசு?"

"நெசமா சொல்றேன் தலைவரே, பொய்யி!"

"நயினாரு வாயில பொய்யா?" தமிழ்மணிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "அப்ப முட்டியில இருக்கற தழும்பு?"

"அது மொபெட்டு ஸ்டாண்டுங்க!"

பத்துப் பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவர் மறுக்க மறுக்க மகாத்மா ஆகிக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பில் ஆரோக்கியராஜ் அவர் கையிலிருந்து போனை மெல்ல உருவிப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டார். நேமிகுமார் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. மூன்று வாழைப்பழத்தின் தெம்புக்கு அதற்குமேல் முடியவில்லை என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

பதினோரு பேரை வெட்டி ஒட்ட ஆரோக்கியராஜுக்கு ஐந்து மணியானது. தொப்பையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லித் தலைவர் இரண்டுமுறை திருப்பிக் கொடுத்ததும் ஒரு காரணம். வண்டி ஏறுவதற்குள் படம் ஊரில் இருக்கும் எல்லா குரூப்புக்கும் போய்விட்டது. செஞ்சியைத் தாண்டும்போது சூரியன் குன்றுகளுக்குப் பின்னால் இறங்கியது. நேமிகுமார் ஜன்னல் வழியாக அதைக் கடைசிவரை பார்த்தார். இனி அன்றைக்குச் சோறு கிடையாது.

வீட்டுக்கு வந்தபோது ஏழு மணி. அனுஷா சென்னை பஸ் ஏறிவிட்டிருந்தாள். கூடத்தில் குணமதி நாற்காலியில் உட்கார்ந்து, பேசினில் உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்திருந்தாள். புடவை முட்டிக்கு மேலே ஏறியிருந்தது. இடது முட்டியில் வெளுத்துப்போன நீளத் தழும்பு. முப்பது வருஷத்தில் அதை எத்தனை தடவை பார்த்திருப்பார்? இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

அவள் போனை அவர் பக்கம் நீட்டினாள். ஏரிக்கரையில் பதினோரு பேர் வரிசையாக நின்றார்கள். குணமதி உட்கார்ந்திருந்த அதே இடத்தில் நேமிகுமார்.

"தண்ணி மேல ஷூவோட நிக்கறீங்க," என்றாள். "நனையவே இல்ல பாருங்க."

அவர் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"பேனரப் பாத்ததும் எனக்கு அழுகதான் வந்துச்சு. எங்கதைய எடுத்து இந்த மனுஷன் ஊருக்கெல்லாம் வித்துட்டாரேன்னு. அப்பறம் நீங்க போறேன்னு சொன்னீங்க. சரி, திருடனதுக்காவது ஒரு நாளு ஏறப் போறாரேன்னு நெனச்சேன். நீங்க மூச்சு வாங்கிக்கினு மேல வர்றப்ப நான் அங்க உக்காந்திருக்கணும், உங்க மூஞ்சியப் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு. மொத பஸ்ஸப் புடிச்சிப் போனோம். நானு, அனுஷா, பாஞ்சாலி. ரெண்டு மணி வரைக்கும் அந்தப் பொந்தையே பாத்துக்கினு உக்காந்திருந்தோம்." பேசினுக்குள் காலை மாற்றி வைத்தாள். "உங்களுக்குப் புளிசோறு கட்டிக்கினு போனேன். அவங்க எதக் குடுப்பாங்களோ, இந்த மனுஷன் வெளிச்சத்துலயே சாப்டட்டும்னு."

நேமிகுமார் எவ்வளவோ சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து காய்ந்த வயிறு முந்திக்கொண்டது. "எங்க அது?" என்றார்.

"கொரங்கு தின்னுட்டுது."

அவர் தரையில் உட்கார்ந்தார். "இன்னிக்கு எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லிட்டேன் குணா. ஏறனது நீதான்னு. நான் சொன்னது பொய்யின்னு. ஒருத்தரும் நம்பல."

"நான் நம்பறேன்," என்றாள் குணமதி. "நீங்க பொய் சொல்லுவீங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும்."

தரையைப் பார்த்தபடியே அவர் கேட்டார். "அடுத்த வாரம் என்னைக் கூட்டிக்கினு போறியா? நான் நெசமாவே ஏறறேன்."

குணமதி பேசினிலிருந்து காலை எடுத்துத் துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"அடுத்த வாரம் போறோங்க. பாஞ்சாலி அவ மருமவளயும் கூட்டியாராளாம். அனுஷாவும் வர்றா. ஆனா லேடீஸ் மட்டும்னு முடிவு பண்ணிட்டோம்." எழுந்து பேசினைத் தூக்கிக்கொண்டாள். "உங்களுக்கு முட்டி வேற வலிக்குது."

கொல்லைப்பக்கம் தண்ணீரைக் கொட்டுகிற சத்தம் கேட்டது. மேம்பாலத்துக்குக் கீழே சொல் தவறாத நயினார் இன்னும் கைகூப்பிக்கொண்டுதான் நின்றார். வீட்டில் இருந்த நயினாருக்குச் சாப்பாடு இனி காலை ஆறரைக்குத்தான்.